முதுமை நீக்கும் சீரங்கள்: ஓர் ஆராய்ச்சி

மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கல்லாற்றைக் கடந்து சில வளைவுகள் ஏறியபின் பர்லியார் என்னும் சிற்றூர் எதிர்ப்படுகின்றது. கீழே சமவெளியின் வெப்பம், மேலே குன்னூரின் குளிர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஈரநிலம் அது. மழையும் நிழலும் ஒருங்கே வாய்த்தமையால் மலாய் நாட்டு மரங்கள் இங்கே தாய்மண்ணில் நிற்பன போலத் தழைத்து நிற்கின்றன. 1871-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் வசமான தோட்டத்தில் மங்குஸ்தானும் துரியானும் ரம்புட்டானும், கிராம்பும் சாதிக்காயும் இலவங்கப்பட்டையும் வளர்கின்றன. இன்னும் சில நாழிகை ஏறினால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடும்.

இம்மரஞ் செடிகளின் பெயர்கள் அண்மைக் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் காணப்படுகின்றன. சொட்டுக்குழாய் பொருத்திய சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, 'சீரம்' என்ற பெயரோடு விற்கப்படும் முகப்பூச்சுகளின் மேலட்டையில் அவை அச்சாகியுள்ளன. பசுந்தேயிலைச் சாறு, மங்குஸ்தான் தோற்சாறு, இலவங்கத் தைலம் என்று பெயர்கள் நீளும். சுருக்கம் மறையும், கரும்புள்ளி அகலும், பத்தாண்டு இளமை திரும்பும் என்று விளம்பரம் கூறும். முப்பது மில்லி லிட்டர் கொண்ட குப்பி சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் வரை விலை பெறுகின்றது. தேயிலை பறிப்பவர் ஒருவரின் நாட்கூலியை அது எளிதில் விழுங்கிவிடும். இவை சொன்ன பயனைத் தருவனவா, இவற்றிற் கலந்த பொருள்கள் தீங்கற்றனவா என்னும் இரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சீரம் என்பது இலத்தீன் மொழிச் சொல். பால் திரிந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு அம்மொழியார் இட்ட பெயர் அது. பின்னர் மருத்துவர்கள் குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரையும் அப்பெயராற் குறித்தனர். முகப்பூச்சு வணிகர் இச்சொல்லைக் கடன்கொண்டதற்குக் காரணம் அதன் மருத்துவ மணமே என்பது நம் எண்ணம். பொருளளவில் சீரம் என்பது நெய்ப்பசை குறைந்த, நீர்த்த ஒரு கலவை. அதிலே வினை புரியும் பொருள் சிறிது மிகுதியாகக் கரைந்திருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. அவ்வெதிர்பார்ப்பு ஒவ்வொரு குப்பியிலும் நிறைவேறுகின்றது என்பதற்கு அச்சொல் உறுதியாகாது.

இனி, தோல் ஏன் முதிர்கின்றது என்பதைச் சுருங்கக் காண்பாம். நம் தோலின் மேற்பரப்பு, இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காய்ப் படிந்த மெல்லிய ஏடு. நீர் வெளியே போகாமலும் நஞ்சு உள்ளே வாராமலும் காக்கும் காவல் அதனுடையது. அதன்கீழ் உயிருள்ள மேற்றோலும், அதன்கீழ் கொலாஜன் என்னும் நார்ப்பொருளால் நெய்யப்பட்ட அடித்தோலும் உள. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நார் குறைந்து தளர்கின்றது. இது காலத்தால் வரும் முதுமை. மற்றொன்று வெயிலால் வரும் முதுமை. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தோலுள் நுழைந்து, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறியக் கருவி வேண்டா. அறுபது வயதுடையார் ஒருவர் தம் புறங்கையையும், சட்டைக்குள் மறைந்திருந்த மேற்கையின் உட்புறத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாற் போதும். இரண்டிற்கும் வயது ஒன்றே. நிறமும் மென்மையும் ஒன்றல்ல. முகத்தில் நாம் முதுமை என்று காண்பதிற் பெரும்பங்கு வெயிலின் வேலையே ஆகும்.

நிற்க. ஒரு செடி நன்மை செய்யும் என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு நீலகிரியே ஒரு நல்ல பாடம் வைத்திருக்கின்றது. 1860-ஆம் ஆண்டை அடுத்து உதகையிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன. அம்மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது தென்னமெரிக்காவில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆயினும் பட்டைக்குப் பட்டை சத்து வேறுபட்டது. சில வகை மரங்களின் பட்டையில் குணம் மிகக் குறைவு. 1820-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பெல்லத்தியேயும் காவந்துவும் பட்டையினின்று குயினாவைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே, எத்தனை குன்றிமணி எடை எக்காய்ச்சலுக்கு வேண்டும் என்று கூற இயன்றது. அன்றைய சென்னை அரசாங்கம் நீலகிரியில் ஓர் இரசாயன அறிஞரை இதற்கென்றே அமர்த்தியது. பட்டையில் உள்ள நால்வகைக் காரப்பொருள்களும் பிரிக்கப்பட்டு, 1866 முதல் 1868 வரை காய்ச்சலுற்றார்க்குத் தனித்தனியே கொடுத்துச் சோதிக்கப்பட்டன. மரத்தின் பெயர் அங்கே சான்றாகக் கொள்ளப்படவில்லை. வினை புரியும் பொருள் எது, அது எவ்வளவு உளது, கொடுத்தவர்க்கு என்ன நேர்ந்தது என்னும் மூன்றுமே சான்றாயின. இம்மூன்றையும் சீரத்தின்பால் கேட்பதே நாம் கைக்கொள்ளும் முறை.

இம்முறைப்படி கேட்குமிடத்து முன்னணியில் நிற்பது அ உயிர்ச்சத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்களே. இவற்றை ரெட்டினாயிடுகள் என்பர். அவற்றுள் வலிமை மிக்கதான ட்ரெட்டினாயின் முதலில் முகப்பருவுக்கு மருந்தாக வழங்கியது. அதனைப் பூசிய நடுவயதினர் சிலர் தம் முகச்சுருக்கமும் மென்மையாகியது என்று கூறவே, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அதனை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனை இன்னும் செப்பமானது. முப்பது பேர் ஒரு முன்கையில் மருந்துக் களிம்பையும் மற்றொரு முன்கையில் மருந்தில்லாத வெறுங்களிம்பையும் பதினாறு வாரம் பூசினர். எக்கையில் எது என்பதைப் பூசியவரும் அறியார், பார்த்து மதிப்பிட்ட மருத்துவரும் அறியார். இறுதியில் முப்பதின்மர்க்கும் மருந்து பூசிய கையே தேறியிருந்தது. ஒருவரது உடம்பே மருந்துக்கும் வெறுங்களிம்புக்கும் களமானமையால், உணவு வேறு, பரம்பரை வேறு என்னும் ஐயத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர்க்குத் தோல் சிவந்து உரிந்தது என்பதையும் அவ்வறிக்கையே மறையாது கூறுகின்றது. பயனும் துன்பமும் ஒரே பொருளின் இரு முகம் என்பதை இதனால் அறியலாம்.

கிளிக்மன் பெயரைச் சொன்னபின் ஒன்றை மறைப்பது முறையன்று. 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் அடைபட்டிருந்தார் தோலின்மேல் அவர் பலவகைப் பொருள்களைச் சோதித்தார். அச்சிறையினருட் பெரும்பாலார் கறுப்பினத்தவர். தமக்கு என்ன பூசப்படுகின்றது என்பதை அவர்கள் செவ்வையாக அறிந்திலர். 2021-இல் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியும் 2022-இல் அந்நகராட்சியும் இதற்கு மன்னிப்புக் கேட்டன. உண்மையை நாடும் ஆராய்ச்சியாயினும் பிறர் உடம்பை அவர் அறியாது களமாக்குதல் தகாது என்பதே நம் துணிபு. அறியாதாரைச் சோதனைப் பொருளாக்கும் வழக்கம் சிறைச்சாலையோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னே காண்போம்.

ட்ரெட்டினாயின் நம் நாட்டில் மருந்து. மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாதது. சீரங்களில் இடப்படுவது அதன் தம்பியாகிய ரெட்டினால். தோலுள் சென்றபின் அது இரண்டு படி மாறியே ட்ரெட்டினாயின் ஆக வேண்டும். ஆதலின் வலிமை குறைவு, எரிச்சலும் குறைவு. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி எண்பத்தேழு வயதுடைய முப்பத்தாறு முதியோர் ஒரு மேற்கையின் உட்புறத்தில் நூற்றுக்கு 0.4 பங்கு ரெட்டினால் கலந்த பூச்சையும் மற்றதில் வெறும்பூச்சையும் இருபத்து நான்கு வாரம் பூசினர். ரெட்டினால் பூசிய கையில் நுண்சுருக்கம் குறைந்தது. வெயில் படாத இடத்திலும் பயன் கண்டமையால், காலத்தால் வரும் முதுமையையும் இப்பொருள் சிறிது மாற்றும் என்று தெளிந்தனர். ஆறு திங்கள் பூசியே இவ்வளவு என்றால், ஏழு நாளில் மாற்றம் என்னும் விளம்பரத்தை என்னென்பது! ஏழு நாளில் தெரிவது பெரும்பாலும் ஈரத்தால் தோல் சற்றே பருத்து நிற்பதேயாம்.

ரெட்டினாலையும் வரையறையின்றிப் பூசலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2024-இல் இயற்றிய விதிப்படி முகப்பூச்சில் அது நூற்றுக்கு 0.3 பங்கிற்கு மிகலாகாது. கருவுற்ற மகளிரும் கருவை எதிர்நோக்குவோரும் இவ்வினப் பொருள்களை அறவே தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவர். உட்கொள்ளும் ரெட்டினாயிடு மருந்துகள் கருவை ஊனப்படுத்தும் என்பது ஐயமற நிறுவப்பட்டமையே இவ்வெச்சரிக்கைக்கு அடிப்படை. ஏனையோரும் இரவிலேயே பூசுதல் வேண்டும்; முதலில் வாரத்துக்கு இரண்டிரவு, பொறுத்தபின் மிகுதி.

இரண்டாவதாக உரைக்கத்தக்கது சி உயிர்ச்சத்து. இதன் கதை வேறு. குணம் உண்டு, நிலைதான் இல்லை. வாழைப்பூவை நறுக்கி வைத்தாற் சிறிது நேரத்திற் கறுப்பதையும், அதனைத் தடுக்க நம் வீட்டு மகளிர் மோரில் இடுவதையும் அறியாதார் யார்? காற்றுப் படுதலால் வரும் கறுப்பை மோரின் புளிப்புத் தடுக்கின்றது. சி உயிர்ச்சத்தும் அத்தன்மைத்தே. காற்றும் ஒளியும் வெப்பமும் அதனைக் கெடுக்கும். புளிப்பு மிக்க கரைசலில் மட்டுமே அது நிலைபெற்றுத் தோலுட் புகும். டியூக் பல்கலைக்கழகத்து ஷெல்டன் பின்னெலும் அவர் குழுவினரும் பன்றித்தோலில் சோதித்து 2001-இல் வெளியிட்டதன்படி, கரைசலின் அமில எண் மூன்றரைக்குக் கீழே இருத்தல் வேண்டும். நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேற் சேர்த்தாலும் உட்செல்வது மிகவில்லை. ஆகவே நூற்றுக்கு முப்பது பங்கு என்று விலை உயர்த்தி விற்பது எரிச்சலை விற்பதேயன்றி வேறன்று. தெளிந்த நீராக வாங்கிய குப்பி தேன் நிறமாகி, பின் செந்நிறமானால் அதன் சத்துப் போயிற்று என்று கொள்க. குன்னூரில் நிழலறையில் வைத்த குப்பி நாள்பட நிற்கலாம். மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலில் கடை முகப்பில் அடுக்கி வைத்த குப்பி வாங்கும்போதே கெட்டிருத்தல் கூடும்.

நியாசினமைடு என்னும் பி உயிர்ச்சத்து வகை மலிவானது, நிலையானது, பெரும்பாலார்க்கு எரிச்சல் தராதது. ஐம்பது மகளிர் முகத்தின் ஒரு பாதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு கொண்ட பூச்சைப் பன்னிரண்டு வாரம் பூசிய சோதனை 2005-இல் வெளியாயிற்று. நுண்வரிகளும் புள்ளிகளும் ஓரளவு குறைந்தன. இச்சோதனையை நடத்தினவர் அழகுப்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகளே என்பதையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும். ஹையலூரானிக் அமிலம் 1934-இல் மாட்டின் கண்ணினின்று கார்ல் மேயரும் ஜான் பாமரும் பிரித்தெடுத்த பொருள்; நீரைப் பற்றி நிறுத்துவதில் நிகரற்றது. அதன் மூலக்கூறு பெரிது. தோலின் மேலேட்டைக் கடத்தற்கரிது. மேலே நின்று ஈரங் காக்கும், அவ்வளவே. அதனை முதுமைக்கு மருந்து என்பது தலைக்கு எண்ணெய் வைத்தலை நரைக்கு மருந்து என்பது போலும்.

இனி, நம் மலைச் செடிகளுக்கு வருவோம். பசுந்தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் சோதனைக் குழாயில் பல நன்மை புரிவன. மனிதர் முகத்தில் என்ன செய்யும் என்பதை அறிய நாற்பது மகளிரைக் கொண்டு எட்டு வாரம் நடத்திய மறைசோதனை ஒன்று 2005-இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்குப் பசுந்தேயிலைப் பூச்சும் அதன் மாத்திரையும், மறுசாரார்க்கு வெறும்பூச்சும் வெறுமாத்திரையும் தரப்பட்டன. நுண்ணோக்கியிற் பார்த்தபோது தேயிலைச் சாராரின் தோலில் நெகிழ்நார் சிறிது மிக்கிருந்தது. கண்ணாற் பார்த்த மருத்துவர்க்கோ இரு சாராருக்கும் வேற்றுமை புலப்படவில்லை. தேயிலையால் வாழும் மலையில் இதனை எழுதுவது மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் சோதனை கூறியது இதுவே. நீண்ட நாட் சோதனை வேறு விடை தரலாம் என்பார் அதனை நடத்திக் காட்டுதல் வேண்டும்.

மங்குஸ்தான் இன்னும் ஒருபடி பின்னே நிற்கின்றது. அதன் தடித்த தோலில் மாங்கோஸ்டின் முதலிய மஞ்சட் பொருள்கள் உள்ளமை உண்மை. அவை அழற்சியைத் தணிப்பன என்பதும் பெரும்பாலும் உயிரணுக்களிலும் விலங்குகளிலும் கண்ட செய்தியே. முகச்சுருக்கத்தில் அதனை வெறும்பூச்சோடு ஒப்பிட்டு, முன் சொன்ன ரெட்டினால் சோதனைகளைப் போல நிறுவிய சான்று நம் பார்வைக்கு வந்ததில்லை. பர்லியாரில் பழம் உரித்தவர் எவரும் அறிவர், அத்தோலின் சாறு வேட்டியிற் பட்டால் கறை போகாது. பழத்தை உண்டு தோலை எறிவதே இப்போதைக்கு நம் அறிவுரை.

கிராம்பும் இலவங்கப்பட்டையும் பற்றியோ பயனினும் பாதுகாப்பே முதலில் ஆராயத்தக்கது. கிராம்புத் தைலத்திற் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பது இதன் பொருட்டே. பட்டைத் தைலத்தில் சின்னமால் உளது. இவ்விரண்டும் சிலர் தோலில் ஒவ்வாமையைத் தோற்றுவிப்பன என்று மருத்துவர் கண்டுள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஒவ்வாமை தரும் நறுமணப் பொருள்கள் இருபத்தாறைப் பட்டியலிட்டது; இவை இரண்டும் அதில் உள. கழுவாது விடும் பூச்சில் நூற்றுக்கு 0.001 பங்கிற்கு மேல் இருப்பின் பெயரை அட்டையில் அச்சிடுதல் வேண்டும் என்பது விதி. 2023-இல் அப்பட்டியல் எண்பதுக்கு மேல் நீட்டப்பட்டது. ஒவ்வாமையின் கொடுமை யாதெனில், முதல் முறை பூசும்போது ஒன்றும் நேராது. உடம்பு அப்பொருளைப் பகையென நினைவிற் கொண்டபின், அடுத்தடுத்த முறைகளில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். அந்நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அகலாது. எலுமிச்சை இனத் தைலங்கள் சில வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கருக்கும். இயற்கைப் பொருள் ஆதலின் தீங்கில்லை என்பார் காட்டுச் சேங்கொட்டையின் பாலைக் கையிற் பூசிப் பார்ப்பாரா?

இங்கே நம்மவர்க்கே உரிய ஒரு குறிப்பு வேண்டும். மேலே கூறிய சோதனைகளிற் பல வெள்ளையர் தோலில் நடந்தவை. நம் தோலின் நிறப்பொருள் இயல்பாகவே ஓரளவு நிழல் தருவதால் சுருக்கம் சற்றுத் தாமதித்தே வரும். திட்டுத் திட்டான கருமையே நமக்கு முதலில் வரும் குறை. எந்தப் பூச்சாயினும் தோலை எரித்துச் சிவக்கச் செய்தால், அச்சிவப்பு ஆறியபின் கருமையாகத் தங்கிவிடுதல் நம் நிறத்தார்க்கு எளிது. 1993-இல் கறுப்பினத்தார் ஐம்பத்து நால்வரிடம் நாற்பது வாரம் நடத்திய சோதனையில் ட்ரெட்டினாயின் அத்தகைய கருமையை வெளிறச் செய்தது. ஆயினும் பொறுமையின்றி மிகுதியாகப் பூசினால் அதுவே புதிய கருமைக்கும் காரணமாகும். விரைந்து பயன் காண விழைவோர் கருமை நீக்க வாங்கிய குப்பியாலேயே கருமை அடைவதை நாம் கண்டிருக்கின்றோம்.

அட்டையைப் படிக்கும் முறை ஒன்று உளது. அதனைக் கற்றுக்கொள்ள ஒரு நாழிகை போதும். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, கலந்த பொருள்களை மிகுந்தது முதல் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தி எழுதுதல் வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கோ அதனிற் குறைவோ உள்ளவற்றை மட்டும் இறுதியில் எவ்வரிசையிலும் எழுதலாம். அப்படியாயின் அவ்வொரு பங்கின் எல்லை எவ்விடத்தது? பினாக்சி எத்தனால் என்னும் கெடாது காக்கும் பொருள் பல சீரங்களில் உண்டு. ஐரோப்பிய விதிப்படி அது நூற்றுக்கு ஒரு பங்கை மிஞ்சலாகாது. ஆகவே அதற்குப் பின் எழுதப்பட்ட யாவும் ஒரு பங்கிற்கு உட்பட்டனவே. முன்புறத்தில் பெரிய எழுத்தில் மங்குஸ்தானின் படமும் பெயரும் விளங்க, பின்புறப் பட்டியலில் அச்சாறு இப்பொருளுக்குப் பின்னே கடைசியில் நிற்குமாயின், வாங்குவோர் விலை கொடுப்பது படத்துக்கு. ரெட்டினால் கடைசியில் நிற்பது குற்றமன்று, அது குறைந்த அளவிலேயே வினை புரிவது. நியாசினமைடு கடைசியில் நின்றால் ஐயுறுக. உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியன இல்லாத குப்பியை விலையின்றிக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

இவ்வாறு நாம் கடுமையாகக் கூறுதற்குக் காரணம் உண்டு. 2021 முதல் 2023 வரை கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரகத்தின் வடிப்பான்கள் பழுதுற்று உடல் வீங்கிய நோயாளர் சிலரை மருத்துவர்கள் கண்டனர். பலருடைய நோய் அரிதான ஒரே வகையைச் சேர்ந்ததாயிருக்கவே காரணம் தேடினர். அவருட் பெரும்பாலார் நிறம் வெளுக்கும் களிம்பு பூசி வந்தமையும், அக்களிம்புகளிற் பாதரசம் இருந்தமையும் தெரியவந்தன. பாதரசம் நிறப்பொருள் உண்டாவதைத் தடுப்பதால் சில வாரத்தில் முகம் வெளுக்கும். கண்ணாடியிற் பார்ப்பவர் மகிழ்வார். உள்ளே சென்றது சிறுநீரகத்திற் படியும். நம் நாட்டு விதிப்படி தற்செயலாகக் கலக்கும் பாதரசம் கூடப் பத்து இலட்சத்துக்கு ஒரு பங்கை மிஞ்சலாகாது. இவை சீரங்கள் அல்ல, களிம்புகள் என்பது உண்மையே; ஆயினும் பெயரற்ற குப்பியும் பெயரற்ற களிம்பும் வருவது ஒரே வழியில்தான். பூசிவரும் ஒருவர்க்கு முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகுமாயின் பூச்சை நிறுத்தி, அப்பூச்சையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். சிறையில் அடைபட்டார்க்குத் தமக்குப் பூசியது இன்னதென்று தெரியாதது போல, இவர்களுக்கும் தெரியவில்லை. இவர்களோ விலையுங் கொடுத்தனர்.

இதற்கடுத்த தீங்கு ஸ்டிராய்டு கலந்த களிம்புகளால் வருவது. படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பதை, முகம் தெளிகின்றது என்று மாதக்கணக்கிற் பூசுவோர் உளர். தோல் மெலிந்து, குருதிக்குழாய் வெளித்தோன்றி, வெயிலைக் கண்டால் எரியும் நிலை அதனால் வரும். நிறுத்தினால் முன்னிலும் சிவக்கும். 2018-இல் இந்திய அரசாங்கம் இத்தகைய மேற்பூச்சு ஸ்டிராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று வரையறுத்தது. முதுமை போக்க எண்ணித் தோலை மெலிவித்துக்கொள்வோர் நிலை இரங்கத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றுள் மிகச் சிறந்த சான்றுடைய முதுமைத் தடையை இன்னும் கூறவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை ஒரு பெருஞ்சோதனை நடந்தது. அதில் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட தொள்ளாயிரத்து மூவரின் தோல், முதுமை பற்றிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு பகுதியார் நாள்தோறும் வெயிற்காப்புப் பூச்சுப் பூசினர். மறுபகுதியார் தம் விருப்பம்போல் பூசியும் பூசாதும் இருந்தனர். தொடக்கத்திலும் நாலரை ஆண்டின் இறுதியிலும் புறங்கைத் தோலின் வரிகளை அச்செடுத்து ஒப்பிட்டனர். நாள்தோறும் பூசியவர்க்கு முதுமைக்குறி நூற்றுக்கு இருபத்து நான்கு பங்கு குறைவாயிருந்தது. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்க்குத் தோலின் முதுமையில் ஒரு வேற்றுமையும் காணப்படவில்லை. அவ்வூரார் வெண்ணிறத்தவர், நமக்கு அதே அளவு பயன் கிட்டும் என்று நாம் துணிந்து கூறோம். வழி ஒன்றே என்பதில் ஐயமில்லை.

மலைவாழ்வோர்க்கு இது மிகவும் வேண்டுவது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகும். காற்றுக் குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதில்லை, உறைக்காமையால் அஞ்சுவாருமில்லை. மேகமும் கதிர் முழுவதையும் தடுப்பதில்லை. கண்ணாடி ஒருவகைக் கதிரைத் தடுத்து, தோலின் ஆழத்தைக் கெடுக்கும் நீண்ட அலைக் கதிரை விட்டுவிடும். 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான படம் ஒன்று பலருக்கும் நினைவிருக்கும். இருபத்தெட்டு ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய அறுபத்தொன்பது வயதினர் ஒருவரின் முகம் அது. சாளரத்தை அடுத்திருந்த இடக்கன்னம் மடிந்து தடித்துக் கிழடாகி நிற்க, வலக்கன்னம் பத்திருபது ஆண்டு இளையது போலக் காணப்பட்டது. ஒரே முகம், ஒரே குருதி, ஒரே உணவு. பர்லியார் வளைவுகளில் ஏறியிறங்கும் பேருந்து, லாரி ஓட்டுநர்க்குச் சாளரம் வலப்புறம். நெடுநாள் ஓட்டியவர் தம் இரு கன்னங்களையும் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் மகளிர் தலையிற் போர்த்திக்கொள்ளும் துணி நெற்றியை மறைத்துக் கன்னத்தை விட்டுவிடுகின்றது. அதனையே சிறிது முன்னே இழுத்து விளிம்பு நீட்டினால், விலை உயர்ந்த குப்பிகள் பல செய்யாததை அது செய்யும்.

சிறுபொருள் உடையார் எதனை முதலில் வாங்குவது என்று கேட்பாராயின், அகன்ற விளிம்புள்ள தொப்பியோ குடையோ முதலாவது. காப்பு எண் முப்பதோ அதற்கு மேலோ உள்ள வெயிற்காப்புப் பூச்சு இரண்டாவது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிழிந்து பூசுதல் வேண்டும். சிக்கனமாகத் தடவினால் அட்டையில் எழுதிய காப்புக் கிட்டாது. இவை கைவந்தபின் பொருள் மிஞ்சுமாயின் நியாசினமைடோ ரெட்டினாலோ ஒன்று. பலவற்றை ஒருங்கே பூசினால் தீங்கு நேருங்கால் எதனால் நேர்ந்தது என்று அறிய முடியாது. புதிய சீரம் எதுவாயினும் முன்கையின் உட்புறத்தில் ஓர் உருபாய் அளவு இடத்தில் நாள் இருவேளை பூசிப் பதினான்கு நாள் பார்த்தல் வேண்டும். ஒருநாள் பூசிப் பார்த்தல் போதாது. ஒவ்வாமை பெரும்பாலும் ஒருவாரம் கழித்தே தலைகாட்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால், குப்பியை மூடிவைத்து, அட்டையைக் கிழிக்காது தோல் மருத்துவரிடம் காட்டுக. எப்பொருள் தமக்கு ஆகாதது என்பதை அவர் ஒட்டுச் சோதனையாற் பிரித்தறிந்து கூறுவார். அடுத்த முறை கடையில் குப்பியின் பின்புறத்தைத் திருப்பும்போது தேடவேண்டிய பெயர் அது.